'எல்லா மதமும் ஒண்ணுதான்' என்று சொன்னால் போதுமா? குற்றாலமும் தென்காசியும் சொல்லும் வேறு பதில்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று ஒரு ரீல் வந்தால் போதும், சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் லீவு விண்ணப்பங்கள் வரிசைகட்டும். ஒரு வேனில் கிளம்பும் டீமில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். பேரருவியில் குளித்துவிட்டு, ஒட்டியே இருக்கும் குற்றாலநாதர் கோயிலைத் தாண்டும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "ஆமா, உங்களுக்கு ஏன் இத்தனை சாமி?"

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அதெல்லாம் சும்மா ஒரு சிம்பல்தான் ப்ரோ". இன்னொன்று, "எந்தச் சாமியா இருந்தா என்ன, எல்லா மதமும் ஒண்ணுதான்". இரண்டிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரண்டுமே பேச்சை அத்தோடு முடித்துவிடுகின்றன. கேட்டவருக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. சொன்னவருக்கும் தன் வழிபாட்டைப் பற்றி யோசிக்கும் வேலை மிச்சம்.

மத நல்லிணக்கம் பற்றிப் பேசும்போது நாம் அதிகம் பயன்படுத்துவது இந்த இரண்டாவது பதிலைத்தான். அது போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள தென்காசி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

ஒரே ஊரில் எத்தனை வடிவம்?

குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். கோயிலின் கருவறையில் இருப்பது லிங்கம். முகம், கை, கால் எதுவும் கிடையாது. அதே கோயிலில் பராசக்திக்குத் தனிச் சன்னிதி உண்டு. தரணி பீடம் என்று அழைக்கப்படும் அங்கே அம்பிகை வழிபடப்படுவது சக்கர வடிவில். கொஞ்ச தூரம் தள்ளி, குளத்தோடு இருக்கும் சித்திர சபைக்குப் போனால் நடராஜர் ஓவியமாக இருக்கிறார். சிதம்பரம், மதுரை, திருவாலங்காடு, திருநெல்வேலி, குற்றாலம் என்று சொல்லப்படும் ஐந்து சபைகளில், ஆடுகிற ஈசனைச் சுவரில் தீட்டிய சித்திரமாக வணங்குவது இங்கேதான்.

இன்னும் இருக்கிறது. தலமரமான குறும்பலாவும் வழிபாட்டுக்குரியது. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் குறும்பலாவுக்கு ஒரு பதிகமுமாகத் தனித்தனியே பாடியிருக்கிறார். பேரருவி விழும் பாறையிலும் லிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஷாம்பு வாசனையோடு நாம் தலையைக் கொடுக்கும் அதே தண்ணீர் பலருக்குத் தீர்த்தம்.

ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் சுடலைமாடன் கோயில்கள். பல இடங்களில் அவருக்கு முகமே கிடையாது. சுண்ணாம்பு அடித்த பீடம்தான் சாமி. அதற்கு மாலை போட்டு, படையல் வைத்து, வருஷத்துக்கு ஒரு கொடை.

கல், கோடுகள், ஓவியம், மரம், தண்ணீர், பீடம் என ஒரே வட்டாரத்தில் ஆறு வகை. இதில் எது 'உண்மையான' சாமி என்று உள்ளூர்க்காரர் யாரும் குழம்புவதில்லை. சைவ சித்தாந்தம் இதை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. நடராஜர் போன்ற திருமேனிகள் உருவம். உருவமே இல்லாத நிலை அருவம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லிங்கம் அருவுருவம். கடவுள் உருவங்களுக்கு அப்பாற்பட்டவர் என்பதும், உருவத்தில் வந்து அருள்வார் என்பதும் இந்தச் சிந்தனையில் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

அப்படியென்றால் சிலை வெறும் சிம்பலா?

"சிம்பல்தான் ப்ரோ" என்ற பதிலில் உள்ள சிக்கல் இங்கேதான். சிம்பல் என்றால் அது வேறொன்றைச் சுட்டிக்காட்டும் பலகை மட்டும்தான். டிராஃபிக் சிக்னலுக்கு யாரும் தீபாராதனை காட்டுவதில்லை. அம்மன் முன்னால் கண்கலங்கி நிற்கும் ஒரு பாட்டியிடம் போய், "இது சிம்பல்தானே பாட்டி?" என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. அவர் அம்மனைப் பார்க்க வந்திருக்கிறார். அதைவிட முக்கியம், அம்மன் தன்னைப் பார்க்கிறாள் என்று நம்புகிறார்.

தரிசனம் என்ற சொல்லுக்கு இந்த இரட்டைப் பார்வைதான் பொருள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டயானா எக் 1981-ல் 'தர்சன்' என்ற பெயரிலேயே ஒரு சிறிய புத்தகம் எழுதினார். இந்து வழிபாட்டின் மையம் பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் என்பதை மேற்கத்திய மாணவர்களுக்கு விளக்கிய புத்தகம் அது. எக் ஒரு கிறிஸ்தவர். காசியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர். 'விக்கிரக ஆராதனை' என்று ஒதுக்கிவிடாமல், வணங்குகிறவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டதால்தான் அவருக்கு இது பிடிபட்டது.

சரி, அப்போ கல்லே கடவுள் என்று இந்துக்கள் நம்புகிறார்களா? அதுவும் இல்லை. வீட்டில் பூஜை தொடங்கும்போது ஒரு சிட்டிகை மஞ்சளைப் பிசைந்து, அறுகம்புல் செருகினால் பிள்ளையார் வந்துவிடுகிறார். பூஜை முடிந்ததும் அவரைச் சற்று வடக்கே நகர்த்தி வைத்தால் விடைபெற்றுக்கொள்கிறார். பிறகு அது மஞ்சள்தான். பெரிய கோயில்களில் திருப்பணி நடக்கும்போது 'பாலாலயம்' செய்வார்கள். மூலவரின் சான்னித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அழைத்தால் வந்து தங்குகிறார், பொருளுக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை.

இதை ஒரு முஸ்லிம் நண்பரோ கிறிஸ்தவ நண்பரோ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இறைவனுக்கு உருவமோ இணையோ கிடையாது என்பது இஸ்லாமின் அடிப்படை. அதிலிருந்து பார்த்தால் இது ஏற்க முடியாததுதான். ஆனால் ஏற்காமல் இருப்பது வேறு, புரியாமல் இருப்பது வேறு.

பாதி சிவன், பாதி விஷ்ணு

இந்து மதத்துக்குள்ளேயே எல்லாம் ஒன்றாகக் கலந்து இருந்ததா என்றால், அதுவும் இல்லை. குற்றாலத் தலபுராணமே அதற்குச் சாட்சி. இந்தக் கோயில் முதலில் பெருமாள் கோயிலாக இருந்ததாம். சிவனடியார் கோலத்தில் வந்த அகத்தியரை உள்ளே விடவில்லையாம். பக்கத்தில் உள்ள இலஞ்சிக்குப் போய் முருகனை வணங்கிய அகத்தியர், வைணவர் வேடத்தில் திரும்பி வந்து, பெருமாள் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக மாற்றினார் என்கிறது கதை. அழுத்தியதால் வந்த தலைவலிக்காகத்தான் சுவாமிக்கு இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பார்கள்.

இந்தக் கதையை 'அரியும் சிவனும் ஒண்ணு' என்பதற்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். கொஞ்சம் நிதானமாகக் கேட்டால் இன்னொன்றும் காதில் விழும். வாசலில் தடுக்கப்பட்ட ஒருவர், வேடம் மாற்றி உள்ளே போய், சாமியையே மாற்றிவிட்ட கதை இது. இரண்டு சமயங்களுக்கு இடையே இருந்த போட்டியின் நினைவும் இதற்குள் இருக்கிறது.

இதே மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் வேறொரு வழியைக் காட்டுகிறது. சிவன் உயர்ந்தவரா, திருமால் உயர்ந்தவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டார்களாம். பதிலாக வந்த உருவம்தான் சங்கரநாராயணர். ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் விஷ்ணு. அங்கே திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சிலையில் இரண்டும் குழைந்து மூன்றாவதாக ஒன்று ஆகிவிடவில்லை. இடது இடதாகவும் வலது வலதாகவும் இருக்கிறது. ஒரே உடம்பில் இருந்தாலும் யாரும் தன் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மதங்களுக்கிடையிலான புரிதலுக்கும் இந்தச் சிலை நல்ல பாடம். ஒன்றாக இருப்பதற்கு ஒன்றாகவே ஆகிவிட வேண்டியதில்லை.

பொட்டல்புதூரில் என்ன நடக்கிறது?

தென்காசி என்ற பெயரே ஒரு பயணத்தின் கதை. காசிக்குப் போய் வழிபட முடியாதவர்களுக்காக இங்கேயே விசுவநாதரை அமர்த்தினார் 15-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னர் பராக்கிரம பாண்டியர். தூரத்தில் இருக்கும் புனிதத்தைச் சிற்றாற்றங்கரைக்கே கொண்டுவந்துவிட்டார்.

கடையம் பக்கம் உள்ள பொட்டல்புதூரிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்திருக்கிறது. அங்கே இருக்கும் தர்கா, 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து மறைந்த சூஃபி ஞானி முகைதீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரில் உள்ளது. அவர் அடங்கியிருப்பது பாக்தாதில்தான். நினைவு மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மண்டபமும் தூண்களுமாக, முதல் பார்வைக்குக் கோயில் போலவே இருக்கும் திராவிடக் கட்டடக்கலை. கந்தூரி விழாவுக்கும் நேர்த்திக்கடனுக்கும் இந்துக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஊர்வழக்கில் அவர் 'முகைதீன் ஆண்டவர்'.

இங்கேதான் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லத் தோன்றும். அங்கே காசி, இங்கே பாக்தாத், மனசு ஒன்றுதானே? மனசு ஒன்றாக இருக்கலாம். ஆனால் விசுவநாதர் தென்காசிக்கு வந்தபோது வந்தவர் கடவுள். பொட்டல்புதூரில் நினைக்கப்படுபவர் ஒரு மனிதர், இறைநேசர். வரிசையில் நிற்கும் இந்துப் பெண் அவரையும் ஒரு சாமியாகப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் பெண் அவரைச் சாமி என்று சொல்லமாட்டார். தர்கா வழிபாடே சரியா என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயே பலத்த கருத்து வேறுபாடு உண்டு.

"உங்க ஆண்டவரும் எங்க சாமி மாதிரிதான்" என்று அன்போடு சொல்லும்போது, நமக்கே தெரியாமல் அவர்களுடைய நம்பிக்கையின் மையத்தைத் திருத்தி எழுதிவிடுகிறோம். எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்துக்கொள்வது இந்து மனதின் பெரிய பலம். எதிரில் இருப்பவர் தனியாக இருக்க விரும்புகிறாரா என்று கேட்க மறந்துவிடுவது அதே பலத்தின் மறுபக்கம்.

பாரதி செய்த திருத்தம்

இதை நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வட்டாரத்தில் ஒருவர் அழகாகக் கையாண்டிருக்கிறார். புதுச்சேரியை விட்டு வந்த பாரதியார் கடையத்தில் குடியிருந்த காலம். 1920-ல் 'ரயில்வே ஸ்தானம்' என்று ஒரு கதை எழுதினார். தென்காசி ரயில் நிலையத்தில் தொடங்கும் கதை. அதில் ஒரு முஸ்லிம் இளைஞருக்கு மூன்று மனைவியர், மூவரும் உடன்பிறந்த சகோதரிகள் என்று எழுதிவிட்டார்.

கதையைப் படித்த ஒரு முஸ்லிம் நண்பர் வந்து தவறைச் சுட்டிக்காட்டினார். மனைவி உயிரோடு இருக்கும்போது அவளுடன் பிறந்தவளை மணப்பது இஸ்லாமியச் சட்டப்படி கூடாது. பாரதி என்ன செய்தார்? 'கதைதானே' என்று தள்ளிவிடவில்லை. 'நான் எல்லா மதத்தையும் மதிக்கிறவன், என்னையா கேட்கிறீர்கள்?' என்று கோபப்படவும் இல்லை. அந்த உரையாடலையே கதைக்குப் பின்குறிப்பாகச் சேர்த்து, திருத்தத்தையும் பதிவு செய்தார்.

அதே ஆண்டில் பொட்டல்புதூருக்குப் போய் இஸ்லாமின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். சொற்பொழிவு அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. பின்குறிப்பைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பின்குறிப்பில்தான். இன்னொருவர் மதத்தைப் புகழ்வது சுலபம். அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது தப்பு என்று அவர் சொல்லும்போது கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம்.

இந்தப் பரிமாற்றம் ஒருவழிப் பாதையாகவும் இருந்ததில்லை. தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா பிறந்த ஊர் தென்காசி என்பார்கள். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டுதோறும் தக்கலை தர்காவில் இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள். ஓரிறைக் கொள்கையை விட்டு அவர் விலகவில்லை. அதைச் சொல்லத் தமிழ் ஞான மரபின் சொற்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். மொழியைப் பகிர்ந்துகொண்டாலும் நம்பிக்கை அவருடையதாகவே இருந்தது.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைப் பேசாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் தரிசனம் என்றால், கோயிலுக்குள்ளேயே விடப்படாதவர்களுக்குத் தரிசனம் எது?

குற்றாலத்தை ஒட்டிய செங்கோட்டைப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே மன்னர் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் அரசுக் கோயில்களின் கதவு எல்லாச் சாதியினருக்கும் திறந்தது. சென்னை மாகாணத்தில் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு 1939-ல் நடந்தது. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் வர 1947 ஆனது. அதுவரை ஒரே அருவி, ஒரே ஊர், ஒரே சாமி என்று இருந்தும், அந்தச் சாமியைப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? 1981 பிப்ரவரி 19 அன்று, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இஸ்லாமைத் தழுவினார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. தேசியத் தலைவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணமா என்ற விவாதம் கிளம்பியது. மாறியவர்கள் சொன்ன காரணமோ எளிமையானது: சாதியின் பெயரால் தினசரி அவமானம், மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்ற ஆசை.

டயானா எக்கின் புத்தகம் வந்ததும் அதே 1981-ல்தான். இந்துக்கள் கடவுளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அமெரிக்க மாணவர்கள் படிக்கத் தொடங்கிய ஆண்டில், 'எங்களைச் சக மனிதராகப் பார்க்கவில்லையே' என்று மீனாட்சிபுரம் மக்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கல்லிலும் மரத்திலும் தண்ணீரிலும் தெய்வத்தைப் பார்க்கப் பழகிய ஒரு சமூகம், எதிரில் நிற்கும் மனிதரிடம் மட்டும் அதைப் பார்க்கத் தவறியது ஏன்? மற்ற மதத்தவரிடம் நம் தத்துவத்தை விளக்குவதற்கு முன் இதற்கு நமக்குள் பதில் தேட வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் இன்று ஒரே குடும்பத்தின் கிளைகளில் இந்துவும் முஸ்லிமும் இருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அங்கு போன செய்தியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் உறவுக்கு நடுவில்தான் அங்கே மதங்கள் சந்தித்துக்கொள்கின்றன.

வித்தியாசத்தைப் பேசினால் சண்டை வராதா?

இது நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளே பகையை வளர்க்கும் காலத்தில், 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற மழுப்பலாவது அமைதியைக் காக்கிறதே என்று சிலர் வாதிடலாம்.

ஆனால் பகையை வளர்க்கும் ஃபார்வர்டு வேலை செய்வதே நமக்கு விவரம் தெரியாததால்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று பத்து வருஷமாகக் கேட்டதே இல்லை என்றால், அவரைப் பற்றி யாரோ அனுப்பும் பொய்யைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் எதுவும் இருக்காது. "எல்லாம் ஒண்ணுதான்" என்பவர் கேள்வி கேட்பதில்லை. "எல்லாம் வேற, அவங்க வேற" என்பவரும் கேட்பதில்லை. இருவருமே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமலே முடிவுக்கு வந்துவிட்டவர்கள்.

என்ன செய்யலாம்? பெரிய மாநாடு எதுவும் வேண்டாம். அடுத்த முறை யாராவது "ஏன் இத்தனை சாமி?" என்று கேட்டால், வெட்கப்பட்டு 'சிம்பல்' என்று நழுவாமல், வீட்டில் மஞ்சள் பிள்ளையார் பிடிக்கும் கதையைச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பதிலுக்கு, "உங்களுக்கு உருவமே இல்லாம எப்படி மனசு ஒட்டுது?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டாலும் குறுக்கே பேசாமல் கேட்கலாம். நாம் சொன்னது தப்பு என்று அவர் திருத்தினால், பாரதி மாதிரி ஒரு பின்குறிப்பு போட்டுக்கொள்ளலாம்.

'நல்லிணக்கம் நம்ம ஊர் பாரம்பரியம்' என்று மேடையில் பெருமையாகச் சொல்வோம். பாரம்பரியம் தானாக நிற்பதில்லை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியருக்கு இது தெரிந்திருந்தது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் கேடு வந்தால், அதைச் சரிசெய்கிறவர்களின் அடிபணிகிறேன் என்ற பொருளில் அவர் பெயரால் ஒரு கல்வெட்டுப் பாடல் அங்கே இருக்கிறது. அவர் பயந்தது போலவே கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் இப்போதைய ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு கண்டது.

கட்டிய மன்னரே, பழுதுபார்ப்பவர் தன்னைவிட மேலானவர் என்று எண்ணியிருக்கிறார். மனிதர்களுக்கு நடுவில் விழுந்த விரிசல்களைச் சரிசெய்கிறவர்களுக்கும் அந்த வணக்கம் பொருந்தும். அந்த வேலை இன்னும் முடியவில்லை, ஆளும் தேவைப்படுகிறது.